ஆடியில் திட்சி, தையில் வார்னிஷ்: பர்மாவில் பழைய படகும் கோயில் மரமும்

ரங்கூனிலோ மௌல்மேனிலோ நம் கோயில்களின் வாகன அறைக்குள் போய் மயிலின் கழுத்தில் கை வைத்துப் பாருங்கள். பல இடங்களில் விரல் ஒட்டும். திருவிழா தோறும் பளபளப்புக்காக நல்லெண்ணெய் தேய்த்ததில் ஏறிய பிசுக்கு அது. அதன் மேல் கற்பூரப் புகை, விபூதி, தூசி. ஆற்றங்கரைக்குப் போனால் வேறு கூத்து. நல்ல தேக்குச் சம்பானுக்கு, அதாவது சிறு படகுக்கு, ஆவணி மழையில் கடை வார்னிஷ் அடித்திருப்பார்கள். தை பிறப்பதற்குள் அது வெங்காயத் தோல் மாதிரி உரிந்து தொங்கும். இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான்: பூசுகிற பொருள் எப்படி இறுகும் என்று கேட்காமலே பூசியிருக்கிறார்கள்.

மரத்துக்குப் பூசும் இயற்கைப் பொருள்கள் நான்கு விதமாக இறுகும். ஆளி விதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கி இறுகும். அதற்கு வெளிச்சமும் உலர்ந்த காற்றும் வேண்டும். திட்சி என்று பர்மியர் சொல்லும் கருமையான மரப்பால் இதற்கு நேர் எதிர். காற்றில் ஈரம் இருந்தால்தான் அதற்குள் இருக்கும் நொதி வேலை செய்யும். உலர்ந்த காற்றில் வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். அரக்கைச் சாராயத்தில் (ஸ்பிரிட்டில்) கரைத்துப் பூசினால் சாராயம் பறந்ததும் வேலை முடிந்தது. குங்கிலியத்தை உருக்கி அடைத்தால் சூடு ஆறியதும் கெட்டியாகும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இந்த நான்கில் எதிலும் சேராதவை. அயோடின் எண் என்று ஒரு கணக்கு உண்டு. அது 130க்கு மேல் இருக்கும் எண்ணெய்தான் படலமாக இறுகும். ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டி, தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டி. நல்லெண்ணெய் கொஞ்சம் இறுகி, பாதி வழியில் நின்றுவிடும். விரலில் ஒட்டுவது அந்தப் பாதிதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் வேலைக் காலம் தானாக அமைந்துவிடும். பர்மாவின் தென்பகுதியில் வைகாசியில் தொடங்கும் மழை ஐப்பசியில்தான் விடும். அந்த மாதங்கள் திட்சிக்கு உரியவை. கார்த்திகை முதல் மாசி வரை எண்ணெய் வார்னிஷுக்கு. பங்குனி, சித்திரை வெயிலில் வார்னிஷ் மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் பச்சையாக இருந்து சுருக்கம் விழும். அப்போது பூசியே ஆக வேண்டுமானால் நிழலில், காலை 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆடிப் பூரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கமிட்டிக்காரர்கள் வந்து, "வாகனத்துக்கு ஒரு கோட் அடித்துக் கொடுங்கள் அண்ணே" என்று நிற்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. ஒரு வாரத்தில் செய்யக்கூடியது ஒன்றே: பிசுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு, தேன்மெழுகு 1 பங்கை டர்பன்டைன் 3 பங்கில் ஊறவைத்துப் பசையாக்கி, மெல்லிசாகத் தேய்த்துத் துணியால் மெருகு ஏற்றுவது. தை மாதம் வார்னிஷ் அடிக்கும் முன் அந்த மெழுகை டர்பன்டைனால் முழுக்க எடுத்துவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மெழுகின் மேல் எதுவும் பிடிக்காது.

பழைய பூச்சைக் கண்டுபிடிப்பது

பழைய மரத்தில் உப்புத்தாளை வைப்பதற்கு முன் அதன் மேல் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். கண்ணில் படாத ஓர் இடம், பீடத்தின் அடிப்பக்கமோ படகு இருக்கைப் பலகையின் கீழ்ப்பக்கமோ எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுத் துணியில் சாராயம் தொட்டு அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மேல்பூச்சு குழைந்து துணியில் செம்பழுப்பாக வந்தால் அது அரக்கு. சாராயத்துக்கு மசியாமல் டர்பன்டைனுக்குக் கரைந்தால் குங்கிலியம் அல்லது மெழுகு. இரண்டுக்கும் கரையாமல், அசிட்டோன் வைத்தால் மட்டும் உப்பி நெகிழ்ந்தால் பழைய எண்ணெய் வார்னிஷ். எதற்கும் அசையாமல் கன்னங்கரேலென்று நின்றால் அது திட்சி. இறுகிய திட்சியை எந்தக் கரைப்பானும் கரைக்காது. அதை எடுக்கவும் வேண்டாம். அடியில் பிடிப்பு நன்றாக இருந்தால் அதன் மேலேயே புதுத் திட்சி பூசலாம்.

வாகனத்தில் இந்தச் சோதனைக்கு முன்னால் நல்லெண்ணெய்ப் பிசுக்கைக் கழிக்க வேண்டும். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, துணி அழுக்கானதும் மாற்றி, துணி சுத்தமாக வரும் வரை. செதுக்கு வேலையின் பள்ளங்களுக்கு மூங்கில் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். இரும்பு ஆணியோ கத்தி முனையோ கூடாது. இந்த வேலை நடக்கும்போது அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் எரியக்கூடாது. சந்நிதிக்குப் பக்கத்து அறை என்றால் வாகனத்தை வெளியே கொண்டுவந்துவிடுவதே நல்லது.

பெயின்ட் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பெயின்ட்களில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் மூக்கு வழியாகப் போய்விடும். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய ஆசாரிகள் எண்ணெய் சீக்கிரம் காய மிருதாரசிங்கி சேர்த்துக் காய்ச்சினார்கள். அதுவும் ஈயம்தான், அந்தப் பக்குவத்தை இப்போது திரும்பச் செய்யத் தேவையில்லை.

சுரண்டுவதற்கு மெஷினைவிடக் கண்ணாடிச் சில்லு மேல். நம் தச்சர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கருவி அது. உடைந்த ஜன்னல் கண்ணாடியின் நேர் விளிம்பை இழையோடு இழையாக இழுத்தால் வார்னிஷ் மட்டும் சுருள் சுருளாக வரும், மரம் நிற்கும். மெஷின் வைத்தால் ஒவ்வொரு தடவையும் மரமும் கொஞ்சம் போய்விடும். நாலு தடவை மெஷின் பார்த்த குதிரை வாகனத்துக்குக் கடைசியில் கண் இமை இருக்காது.

படகு

படகில் பூச்சுக்கு முன்னால் மரத்தைப் பார்க்க வேண்டும். மரக் கொட்டாப்புளியால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டங்' என்னும், உளுத்த இடம் 'பொத்' என்னும். சந்தேகம் வந்த இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்க்கலாம். 2 நூலுக்கு (கால் அங்குலத்துக்கு) மேல் சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி மாற்றுவது தவிர வழியில்லை. முதலில் பார்க்க வேண்டியவை பலகையின் வெட்டு முனைகள், வங்குக்கால்கள் (படகின் விலா மரங்கள்) ஏராவில் (அடிமரத்தில்) உட்காரும் இடம், மேல்தளப் பலகையின் அடிப்பக்கம். இங்கேயெல்லாம் தேங்கி நிற்பது மழைத் தண்ணீர். கடல் உப்பு பூஞ்சையை அடக்கும். மழைத் தண்ணீர் அதை வளர்க்கும். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதி எளிதில் உளுக்காது. ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெள்ளை மரம் சேர்ந்து வந்திருந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

பலகைகளுக்கு இடையிலுள்ள பொருத்தை அடைப்பதை இந்தியக் கரையில் நம்மவர்கள் கலப்பத்து அடிப்பது என்பார்கள். பர்மாவில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. எது எந்தத் தண்ணீருக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று புவேஞெத். கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் மரப்பிசினைக் கொண்டுவந்து கூட்டில் சேர்க்கும் பொருள் அது. காட்டிலிருந்து பழுப்புக் கட்டிகளாகக் கடைக்கு வரும். குப்பை, மண், மெழுகு எல்லாம் கலந்திருக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பிசின் குழைந்து ஒன்று சேரும், மண் அடியில் நிற்கும். அதைக் கையால் பிசைந்து, சுத்திகரிக்காத கச்சா எண்ணெயோ கன்யின் மரத்து எண்ணெயோ சேர்ப்பது பழைய முறை. கன்யின் எண்ணெய் மேல். 3 பங்கு பிசினுக்கு 1 பங்கு எண்ணெய் என்று ஆரம்பியுங்கள். பதம் பார்க்க, சிறு உருண்டையைத் தண்ணீரில் போட்டு எடுத்து வளைக்க வேண்டும். வெடித்தால் எண்ணெய் போதாது; ஈர விரலில் ஒட்டினால் எண்ணெய் கூடிவிட்டது. முறுக்கு மாவு போல அழுத்தினால் அழுந்தி, விட்டால் அப்படியே நிற்பதுதான் பதம். இது கெட்டிப்படாமல் எப்போதும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் அலையில் ஆடுகிற, உப்புத் தண்ணீரில் நிற்கிற படகுக்கு இதுவே பொருத்தம்.

இன்னொன்று திட்சியில் மரத்தூள் கலந்து செய்யும் பட்டி. இன்லே ஏரியில் தேக்குப் பலகைப் படகுகளின் பொருத்துகளை இப்படித்தான் அடைக்கிறார்கள். இறுகினால் கல் மாதிரி ஆகும், தண்ணீர் புகாது. மெல்லிசான பலகைகள் நெருக்கமாகப் பொருந்திய, நல்ல தண்ணீரில் ஓடும் லேசான படகுக்குச் சரி. ஆனால் கனத்த பலகைப் படகு வெயிலில் சுருங்கித் தண்ணீரில் உப்பும்போது இந்தக் கல் வளையாது. பலகையின் விளிம்பைத்தான் பிளக்கும்.

பழைய அடைப்பை எடுக்க, வளைந்த கொக்கியைப் பொருத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். உளியை வைத்து நெம்பினால் பலகை ஓரம் சிதைந்து பொருத்து அகலமாகிவிடும். உள்ளே காய்ந்த பிறகு பொருத்தின் இரண்டு கன்னங்களிலும் டர்பன்டைன் விட்டு நீர்த்த எண்ணெய் ஒரு கோட். அது இல்லாவிட்டால் காய்ந்த மரம் பிசினிலுள்ள எண்ணெயை உறிஞ்சி அடைப்பை வறட்டிவிடும். பிறகு பருத்தித் திரியைத் திரித்து, பொருத்தின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை தட்டி இறக்கி, மீதியில் பிசினை அடையுங்கள். திரியைப் பலம் கொண்ட மட்டும் அடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. உலர்ந்த பலகையில் இறுக்கி அடித்தது, தண்ணீரில் பலகை உப்பியதும் வங்குக்காலின் ஆணியையே பிடுங்கும்.

வேலை முடிந்த படகை ஒரேயடியாக ஆற்றில் விடவும் கூடாது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் ஊறப் போட வேண்டும். முதல் நாள் சல்லடை மாதிரி ஒழுகும். பயப்படத் தேவையில்லை, பலகை உப்பியதும் அடைந்துகொள்ளும். மூன்றாம் நாளும் அதே அளவு ஒழுகினால்தான் திரும்பக் கரையேற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் படகைக் கரையில் வைக்கிறவர்கள் உள்ளே ஈரச் சாக்கு விரித்து, மேலே கீற்றுப் பாய் போட்டால் பலகை விரியாது.

மௌல்மேன் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் நல்லது, கோடையில் உப்பு ஏறும். உப்பு ஏறும்போது கப்பல் புழு வரும். வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டை, உள்ளே விரல் போகும் அளவு குகை. எந்த இயற்கை வார்னிஷும் அதைத் தடுக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு வார்னிஷ் அடிப்பதே வீண். அங்கே கன்யின் எண்ணெயும் பிசினும் சூடாகப் பூசுவது, படகை அவ்வப்போது கரையேற்றிக் காயவிடுவது, நல்ல தண்ணீருக்கு ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துவது. வேலைக்கு ஆகும் வழிகள் இவைதான்.

திட்சி

ஷான் மலைப் பகுதிகளில் மரத்தைக் கீறி மூங்கில் குழாயில் வடிப்பது. வடியும்போது வெளுப்பாக இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். கடையிலிருந்து வந்த டப்பாவைத் திறந்தால் மேலே கரும் ஆடை கட்டியிருக்கும். அதைக் குத்திக் கிளறாமல் மூங்கில் சிலாம்பால் ஒரு ஓரத்தில் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் காப்பிப் பொடி நிறத்தில் கெட்டித் தேன் போல இருக்கும். வேண்டிய அளவு எடுத்துவிட்டு, எண்ணெய்த் தாளை திட்சியின் மேல் நேராகப் படிய வைத்து மூடிவிட வேண்டும். எடுத்ததை மெல்லிய பருத்தித் துணியில் வைத்து, இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கினால் துணியின் வயிற்றில் வியர்வை மாதிரி துளித்துளியாகக் கசியும். அந்தக் கசிவைத்தான் பூச வேண்டும். துணியில் நிற்கும் கசடு பட்டிக்கு ஆகும்.

வீசைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மியர் பெய்த்தா என்றும் ஆங்கிலேயர் விஸ் என்றும் சொன்ன எடை இங்கே 1.63 கிலோ. நம் ஊர்ப் பழைய வீசை 1.4 கிலோ. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, வீசையில் பிசினும் லிட்டரில் எண்ணெயும் போட்டால் கலவை தப்பிவிடும். கிலோவுக்கு மாற்றிக்கொண்டு கலக்குங்கள்.

திட்சி தோலை அரிக்கும். ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டு வெந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாமரம், முந்திரி, சேராங்கொட்டை, திட்சி எல்லாம் ஒரே குடும்பம். மாம்பாலும் முந்திரிக் கொட்டை எண்ணெயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். மற்றவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வெளியே தெரியும் தோலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பட்டுவிட்டால் உடனே சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, அப்புறம்தான் சோப்பு. அரிப்பு அன்றைக்கே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் தடிக்கும். அதனால் காரணம் புரியாமல் மறுபடி தொட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. முகம் வீங்கினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பூசும் கனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு சதுர அடிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது. கனமாகப் பூசினால் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகி, அடியில் இருக்கும் பச்சைத் திட்சிக்கு ஈரக் காற்று போகாமல் மூடிவிடும். உலர்திராட்சை மாதிரி சுருங்கிய பரப்பு மிஞ்சும். அதைச் சரி செய்ய வழியில்லை, சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். மெல்லிசாகப் பூசி, காற்றில் ஈரம் 75 முதல் 85 சதவீதமும் சூடு 25 முதல் 30 டிகிரியும் இருந்தால் ஓரிரண்டு நாளில் மேல்பரப்பு இறுகும். அடுத்த கோட்டுக்கு ஒரு வாரம் விடுவது நல்லது. பகானில் பாத்திரங்களைத் தரைக்கடியிலிருக்கும் அறையில் வைப்பது இந்த ஈரத்துக்காகத்தான். பெரிய வாகனத்தை நிலவறைக்குள் கொண்டுபோக முடியாது. மூங்கில் கூடு கட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே ஈரச் சாக்குகளைத் தொங்கவிட வேண்டியதுதான். மழைக்காலத்தில் அதுகூட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஆனால் சாக்கிலிருந்து சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் திட்சியில் விழுந்த சொட்டு, வட்டத் தழும்பாக நின்றுவிடும்.

விரிசலை நிரப்ப, திட்சியில் எலும்புச் சாம்பலோ நுண்ணிய மரத்தூளோ கலந்து வடை மாவுப் பதத்துக்குப் பிசைவார்கள். தயோ என்று பெயர். ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஆழமான விரிசல் என்றால் நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் நன்றாக இறுகிய பிறகு.

தங்க ரேக்கு ஒட்டுவதும் திட்சியின் மேல்தான். முழுக்க இறுகும் முன், விரல் முட்டியை வைத்து எடுத்தால் சின்னச் சத்தம் கேட்க வேண்டும், முட்டியில் கறை வரக்கூடாது. அந்த நிலையில் ரேக்கை வைக்க வேண்டும். முந்திப் போனால் தங்கம் மூழ்கிப் பழுப்படிக்கும், பிந்தினால் உதிரும்.

திட்சிக்கு ஒரே எதிரி வெயில். தண்ணீர், புளிப்பு, சாராயம் எல்லாவற்றையும் தாங்கும். சூரிய ஒளி பட்டால் மட்டும் மெருகு செத்துப் பொடியாகும். மாண்டலேயில் ஷ்வேநாண்டோ மடம் இதற்குச் சாட்சி. மிண்டோன் மன்னர் 1878இல் காலமான அரண்மனைக் கட்டடம் அது. அடுத்து வந்த தீபா மன்னர் அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய் மடமாக நிறுத்தினார். அதனால்தான் 1945இல் அரண்மனை எரிந்தபோதும் அது தப்பியது. உள்ளே தங்கம் இன்றும் மின்னுகிறது. வெளிச் சுவர்களில் அது போய், வெறும் தேக்குதான் தெரிகிறது. ஆகவே மூலவர் மண்டபத்துக் கதவின் உள்பக்கம், வாகனம், படகின் உள்ளறை ஆகியவற்றுக்குத் திட்சி. வெயில் படும் அணியம் (படகின் முன்பக்கம்), மேல்தளம், துடுப்பு, பாய்மரத்துக்கு வார்னிஷ்.

வார்னிஷ்

வீட்டில் செய்யக்கூடிய, அடுப்பு தேவைப்படாத கலவை ஒன்றைச் சொல்கிறோம். குங்கிலியம் 500 கிராமை இடித்து, மெல்லிய துணியில் முடிந்து, 1.5 லிட்டர் டர்பன்டைனுக்குள் தொங்கவிடுங்கள். தினம் இரண்டு தடவை ஆட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். குப்பை துணியில் நிற்கும். கரைசல் கலங்கலாக இருந்தால் பரவாயில்லை, குங்கிலியத்தில் உள்ள மெழுகு அது. அதில் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் 1 லிட்டர் கலந்து ஒரு நாள் வைத்துத் தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். பிசினுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்ணெய் இருப்பதால் மரம் சுருங்கி விரியும்போது படலமும் கூடவே போகும். எண்ணெயைக் குறைத்தால் பளபளப்பு கூடும். ஆனால் முதல் கோடையிலேயே முதலைத் தோல் மாதிரி வெடிக்கும்.

மூன்று சரக்கிலும் ஏமாறலாம். டர்பன்டைன், பைன் மரத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பெட்ரோலிய டர்பன்டைனில் குங்கிலியம் முழுக்கக் கரையாமல் அடியில் கோந்தாக நிற்கும். குங்கிலியத்தில் பைன் ரோசினைக் கலந்து விற்பார்கள். கொஞ்சம் பொடியைச் சாராயத்தில் போட்டு ஆட்டினால் ரோசின் முழுக்கக் கரையும், குங்கிலியம் பாதி கரையாமல் நிற்கும். ரோசின் வார்னிஷ் மழை பட்டதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். எண்ணெயைச் சோதிக்கக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை மெல்லிசாகத் தேய்த்து நிழலில் வையுங்கள். உலர்காலத்தில் மூன்று நாளில் ஒட்டாமல் காய வேண்டும். காயவில்லை என்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது; திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சாத பச்சை ஆளி எண்ணெய் இந்த ஊர் மழைக்கு ஆகாது. காய நாளாகும், அதற்குள் பூஞ்சை அதைத் தின்று கரும்புள்ளி போட்டுவிடும்.

தேக்கு தனக்குள்ளேயே எண்ணெய் வைத்திருக்கும் மரம். கறையான் அண்டாததற்குக் காரணமான அதே பொருள்கள்தான் வார்னிஷைப் பிடிக்கவும் காயவும் விடாமல் செய்கின்றன. உப்புத்தாள் போட்டு முடித்த மரத்தில் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து இழுத்துப் பாருங்கள்: டீ டிகாக்ஷன் மாதிரி மஞ்சள் பழுப்புக் கறை வரும். துணி ஏறக்குறைய வெள்ளையாக வரும் வரை துடைத்து, அரை மணி நேரத்துக்குள் முதல் கோட் போட்டுவிட வேண்டும். மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து பூசினால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். வியர்வைக் கையால் தொட்ட இடமும் அப்படித்தான்.

முதல் கோட்டில் வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி. மரம் குடிக்க வேண்டும். இரண்டாவதில் கால் பங்கு டர்பன்டைன். மூன்றாவதிலிருந்து அப்படியே. கோட்டுக்குக் கோட் குறைந்தது ஒரு நாள், 220 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்ப்பு, கடைசிக்கு முன் 320. தேய்க்கும்போது வெள்ளைத் தூளாக வர வேண்டும். தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் காயவில்லை என்று அர்த்தம். வெயில் படும் மரத்துக்கு 6 முதல் 8 கோட், வாகனத்துக்கு 3 போதும். பனி விலகிய பிறகு தொடங்கி, மாலை 3 மணிக்குள் பிரஷைக் கழுவிவிட வேண்டும். மார்கழிப் பனி இறங்கிய வார்னிஷ் காலையில் மங்கிக் கிடக்கும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள். மரக் கோயிலையோ படகுக் கொட்டகையையோ எரிக்கத் தீக்குச்சி வேண்டியதில்லை.

குமிழி விழுந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது என்று அர்த்தம். படகின் வெளிப்பக்கம் எட்டுக் கோட் போட்டு, உள்ளே அடித்தண்ணீர் தேங்க விட்டால் வெயில் அந்த ஈரத்தை வெளியே இழுக்கும், வார்னிஷ் வழி மறிக்கும். உள்பக்கம் வார்னிஷ் வேண்டாம். நீர்த்த எண்ணெய் இரண்டு கோட் போதும், மரம் மூச்சு விடட்டும். ஆணியைச் சுற்றி நீலக் கருப்பு வந்தால் இரும்பும் மரச் சாறும் தண்ணீரும் சேர்ந்த கறை அது. வார்னிஷை எடுத்து, ஆக்ஸாலிக் அமிலம் 100 கிராமை 1 லிட்டர் வெந்நீரில் கரைத்துப் பூசி, கால் மணி நேரத்தில் நல்ல தண்ணீரால் மூன்று நாலு தடவை கழுவ வேண்டும். அது விஷம், கையுறை, கண்ணாடி அவசியம். குத்துவிளக்கைத் தேய்க்கும் புளியால் மரத்தைத் தேய்ப்பவர்கள் உண்டு. கறை கொஞ்சம் போகும். ஆனால் புளியின் இனிப்பு இழைக்குள் தங்கி அடுத்த மழையில் பூஞ்சை பிடிக்கும். ஆணியைப் பித்தளைக்கோ செம்புக்கோ மாற்றாத வரை கறை திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும்.

வார்னிஷே அடிக்கக்கூடாத மரமும் உண்டு. மேல் பர்மாவின் தேக்கு மடங்களுக்கு யேநாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகளின் கச்சா எண்ணெயைப் பூசுவது பழைய வழக்கம். அந்தக் கருநிறம் அதனால் வந்தது. கறையானும் மழையும் அண்டாது, ஆனால் அது ஒருநாளும் இறுகாது, தீயும் சுலபமாகப் பற்றும். அப்படிப் பல வருஷம் குடித்த தூணையோ பழைய செட்டியார் கிட்டங்கியின் (வணிகக் கட்டடத்தின்) வெளிக் கதவையோ வார்னிஷுக்கு மாற்ற நினைப்பது காசைக் கரைக்கிற வேலை. எத்தனை துடைத்தாலும் உள்ளிருந்து கசியும். தூசி தட்டி, அப்படியே விட்டுவிடுவதே நல்லது. மாண்டலேக்குப் பக்கத்தில் 1850 வாக்கில் கட்டிய ஊ பெயின் பாலத்தின் தேக்குக் கால்களைப் பாருங்கள். எந்த மெருகும் இல்லாமல் வெள்ளி நிறத்தில் நரைத்து நிற்கின்றன. நரை மேல்தோலில்தான், அதைப் பார்த்து மரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

வெயில் படும் வார்னிஷுக்கு வருஷத்தில் இரண்டு தடவை கவனிப்பு வேண்டும்: மாசியில் லேசாகத் தேய்த்து இரண்டு கோட், மழை விட்டதும் கார்த்திகையில் இன்னொரு இரண்டு. தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நிற்காமல் பரவினால் நாள் வந்துவிட்டது. அப்போதே செய்தால் அரை நாள் வேலை. மரம் தெரியும் வரை விட்டால் மறுபடி முதல் கோட்டிலிருந்து.

கடைசியில், இருக்கைப் பலகையின் அடியிலோ வாகனப் பீடத்தின் உள்பக்கத்திலோ பென்சிலால் எழுதி வையுங்கள்: எந்த மாதம், எந்தப் பொருள், என்ன விகிதம், எத்தனை கோட். தமிழில் எழுதி, கீழே பர்மிய மொழியிலும் எழுதுங்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பலகையைப் புரட்டப்போகிற பையனுக்கு எது வாசிக்க வரும் என்று இப்போது சொல்ல முடியாது.